அட்மிஷன் ஃபார்மில் போட்ட கையெழுத்தும் மகனின் புகைப்படமும்

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஆட்டிசம் உள்ளவன், பேச்சு மிகக் குறைவு. மூன்று ஆண்டுகளாக ஒரு தெரபி சென்டருக்குப் போகிறான். சேர்த்த அன்று ஏழெட்டுத் தாள்களில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். போன மாதம் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு நன்கொடை விளம்பரத்தை அனுப்பி, “இது உன் பையன்தானே?” என்று கேட்டார். காதைப் பொத்திக்கொண்டு அவன் அழுகிற படம். மேலே கொட்டை எழுத்தில், “ஆட்டிசத்தால் அவதிப்படும் இந்தப் பிஞ்சுக்கு உதவுங்கள்.” சென்டரில் கேட்டால், “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்கிறார் நிர்வாகி. படம் எடுத்தவரோ, “காப்பிரைட் என்னுடையது” என்கிறார். சண்டை போட்டால் மகனை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுடைய வீடியோக்களை நானே முகநூலில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறேன். நான் வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நீதிமன்றப் படி ஏறாமலே அந்தப் படத்தை இறக்கவைக்க வழி இருக்கிறது. முதலில் அந்தக் கையெழுத்தைப் பார்ப்போம். உங்கள் வாயை அடைத்து வைத்திருப்பது அதுதானே.

இப்படிப்பட்ட ஃபார்ம்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: “குழந்தையின் படங்களை நிறுவனத்தின் தேவைகளுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்.” அந்தத் ‘தேவை’ என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் அடைத்துவிடலாம் என்று நிர்வாகிகள் நம்புகிறார்கள். பயிற்சியில் குழந்தையின் முன்னேற்றத்தைப் பதிவு செய்ய வீடியோ எடுப்பது ஒரு காரியம். ஆண்டு விழாப் படத்தைச் சுவரில் மாட்டுவது இன்னொரு காரியம். முன்பின் தெரியாதவர்களிடம் பணம் திரட்ட அவன் அழுகையைக் காட்டுவது முற்றிலும் வேறு காரியம். முதல் இரண்டுக்கு நீங்கள் மனதாரச் சம்மதித்திருந்தாலும் அது மூன்றாவதற்குச் செல்லுபடியாகாது என்பதே உங்கள் தரப்பின் முதல் வாதம்.

இரண்டாவது வாதம், அந்தக் கையெழுத்து வாங்கப்பட்ட சூழல். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 16ஆவது பிரிவில், ஒருவர் மற்றவரின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருந்து, அந்த நிலையைத் தனக்கு ஆதாயமாகப் பயன்படுத்திப் பெற்ற சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கோரலாம். காத்துக் கிடந்து இடம் கிடைத்த அன்று ஒரு அம்மா எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போடமாட்டார்? எல்லா வழக்கிலும் இந்த வாதம் நிற்கும் என்று நான் உறுதி தரமாட்டேன். ஆனால் “கையெழுத்துப் போட்டாயிற்று, கதை முடிந்தது” என்று அவர்கள் சொல்வதற்கு இது நல்ல பதில்.

அடுத்து, படத்துக்கு உரியவன் யார் என்ற கேள்வி. 1994இல் உச்ச நீதிமன்றம் ‘ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில் தீர்ப்பளித்தது. மரண தண்டனைக் கைதி ஒருவரின் சுயசரிதையைப் பத்திரிகை வெளியிடலாமா என்பதில் எழுந்த வழக்கு அது. குழந்தைகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஆனால் ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்பதற்கான உதாரணம் அந்தத் தீர்ப்பில்தான் தெளிவாக இருக்கிறது. அதற்காக இழப்பீடு கேட்கலாம் என்பதும் அதிலிருந்து வருகிறது. 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்துவிட்டது.

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் (டிஜிட்டல் படமும் அதில் அடக்கம்) கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கு மட்டுமானதாகவும் நிபந்தனை இல்லாததாகவும் இருக்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின. ஆனால் ஒப்புதல் குறித்த முக்கியப் பிரிவுகளுக்கு அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. எனவே அந்த அவகாசம் முடியும்வரை இதை வைத்து மட்டும் நோட்டீஸ் எழுத வேண்டாம். அந்தரங்க உரிமையை முன்னால் வைத்து, இதைத் துணைக்கு நிறுத்துங்கள்.

என்னைக் கேட்டால், படத்தைவிட மோசம் அதன் தலைப்பு. வெறும் படத்தைப் பார்ப்பவருக்கு ஒரு பையன் அழுகிறான் என்பது மட்டுமே தெரியும். தலைப்போ அவனுடைய மருத்துவ விவரத்தை ஊருக்கே சொல்லிவிட்டது. நாளை அவன் வளர்ந்த பிறகும் அந்தப் படம் எங்காவது கிடக்கும். ‘அவதிப்படும்’ என்ற சொல்லுக்கும் பதில் இருக்கிறது. 2024 ஜூலையில் நிபுண் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் மாற்றுத்திறனாளிகளைக் காட்சி ஊடகங்களில் சித்திரிப்பது பற்றி வழிகாட்டுதல்களை வகுத்தது. குறைபாட்டை ஒரு தனிமனிதரின் துயரமாகக் காட்டும் ‘அவதிப்படுபவர்’, ‘பாதிக்கப்பட்டவர்’ போன்ற சொற்களைத் தவிர்க்கச் சொன்னது. அது ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கு. என்றாலும் உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் நிர்வாகி ஒருமுறையாவது அந்த வாசகத்தைத் திரும்பப் படிப்பார்.

புகைப்படக்காரரின் காப்பிரைட் வாதம் நீண்ட பதிலுக்குத் தகுதியில்லாதது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சென்டர் பணம் கொடுத்திருந்தால் உரிமை அவருக்கே இல்லாமல் போகலாம். அவருக்கே இருந்தாலும் என்ன? பிறர் அந்தப் படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் உரிமை அது. உங்கள் மகனின் முகத்தை எங்கே வேண்டுமானாலும் ஒட்டும் உரிமையை அது தராது.

இனி, இந்த விவகாரத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி. படம் எடுத்தபோது உங்கள் மகன் என்ன சொன்னான்? பேச்சு குறைவு என்கிறீர்கள். ஆனால் காதைப் பொத்தியிருக்கிறான், அழுதிருக்கிறான். ‘வேண்டாம்’ என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 4ஆவது பிரிவில், தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்தைச் சொல்லும் உரிமை இந்தக் குழந்தைகளுக்கும் உண்டு என்கிறது. அதற்கான உதவியையும் தரச் சொல்கிறது. இந்தியா 2007இல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. பழகிய புகைப்படக்காரர்கள் ஃப்ளாஷை அணைத்துவிடுவார்கள். கேமராவை முதலில் குழந்தையின் கையில் கொடுப்பார்கள், எடுத்ததைக் காட்டுவார்கள், முகத்தைத் திருப்பினால் நிறுத்திவிடுவார்கள். மெல்ட்டவுன் நேரத்தில், அதாவது குழந்தை தாங்க முடியாமல் உடைந்துபோகும் நேரத்தில், ‘க்ளிக்’ செய்பவருக்கு என்ன படம் தேவைப்பட்டது என்பது தலைப்பிலேயே தெரிகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆவது பிரிவைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள்: பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. கேட்கத் தெம்பாக இருக்கும். ஆனால் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். பணம் திரட்டும் ஆசையில் செய்த அசட்டுத்தனத்தை நீதிமன்றம் அந்த நோக்கமாக எடுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதைக்கு போலீஸ் நிலையத்துக்குப் போகாதீர்கள். ஆடையில்லாத நிலையில் எடுத்த படம் ஏதாவது இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் அன்றே போங்கள். அதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் போக்சோவும் இருக்கின்றன.

உங்கள் முகநூல் வீடியோக்களுக்கு வருகிறேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அதைத்தான். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு: தரவுக்கு உரியவரே பொதுவெளியில் வைத்த தகவலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. குழந்தை விஷயத்தில் ‘உரியவர்’ என்பதில் பெற்றோரும் அடக்கம். அதாவது, நீங்களே எல்லோருக்கும் திறந்துவைத்த வீடியோவுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்காது. நல்லவேளை, விளம்பரத்தில் இருப்பது உங்கள் பக்கத்திலிருந்து எடுத்த படமில்லை, சென்டருக்குள் எடுத்தது. அதனால் வழக்கு விழுந்துவிடாது. இருந்தாலும் அவன் அழுகிற, அடம்பிடிக்கிற வீடியோ அங்கே இருந்தால், அதை இன்று இரவே உங்களுக்கு மட்டும் தெரியும்படி மாற்றிவிடுங்கள். வக்கீலாக ஒரு காரணம் சொன்னேன். இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். விளம்பரத்தை, அது இருக்கும் இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறவினர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்க வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட எல்லாத் தாள்களின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு ஒரு கடிதம்: புகைப்பட ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், விளம்பரத்தை நீக்கவும், அச்சிட்டிருந்தால் விநியோகத்தை நிறுத்தவும், யார் யாருக்கு அனுப்பினீர்கள் என்று தெரிவிக்கவும், மகனின் மற்றப் படங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லவும். மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். இந்தக் கடிதத்தில் இழப்பீட்டுப் பேச்சை எடுக்காதீர்கள். பணம் கேட்டதும் பேச்சு திசைமாறிவிடும். சமூக ஊடகத்தில் இருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குத் தனியாகப் புகார் அனுப்புங்கள். 15 நாளில் அசைவில்லை என்றால் லீகல் நோட்டீஸ், பிறகு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அதுவும் பயன் தராவிட்டால், மகனின் பெயரில், அவனுக்காக நீங்கள் தடை உத்தரவும் இழப்பீடும் கேட்டு சிவில் வழக்குத் தொடரலாம்.

வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுத்தில் செய்யச் சொல்கிறேன். இன்று கடிதம் போய், அடுத்த வாரம் அவனுக்கு ‘இடமில்லை’ என்று சொன்னால், அந்தத் தேதிகளே ஆணையரிடம் உங்களுக்காகப் பேசும். வாய்ப்பேச்சில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். தொலைபேசியில் பேசினால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

ஃபார்ம் நகல் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதில் ‘விளம்பரம்’, ‘நன்கொடை’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஒப்புதலைத் திரும்பப் பெற்ற தேதியிலிருந்து நோட்டீஸைத் தொடங்குவோம். இல்லாவிட்டால் முதல் வரியிலேயே ‘ஒப்புதலே இல்லை’ என்று எழுதிவிடலாம்.