லேடீஸ் செக்‌ஷனில் சேரலாமா என்று கேட்டவருக்கு

"இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒரு அம்மா தன் கோல்ஃப் கிளப்பில் பெண்கள் பிரிவில் சேரச் சொல்கிறார், ஆறு வாரம் பயிற்சி வகுப்புக்குப் போய் அடிக்கவும் கற்றுக்கொண்டேன், ஆனால் போட்டி, விதி, விருந்து என்று அவர் சொல்வதைக் கேட்டால் பயமாக இருக்கிறது, நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா" என்று கேட்டிருந்தீர்கள். நான் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அதில் பதினோரு வருடமாக ஒரு கிளப்பின் லேடீஸ் செக்‌ஷனில் இருக்கிறேன், நடுவில் இரண்டு வருடம் போட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பிலும் இருந்தேன். நீங்கள் வயதில் சின்னவராகத்தான் இருப்பீர்கள், ஒரு அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். சேருங்கள். சேர்ந்த முதல் வாரமே போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்யாமல் ஒரு வருடத்தை வீணாக்கினேன். நம் ஊரில் ஒரு விசேஷம் என்றால் வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுவார்கள், கூப்பிடாத இடத்துக்கு நாம் போகமாட்டோம். அந்தப் பழக்கத்தோடுதான் நானும் கிளப்பில் சேர்ந்தேன். செவ்வாய்க்கிழமைதோறும் பெண்கள் போட்டி நடக்கும். யாராவது ஒருவர் வந்து "எங்களோடு ஆட வா" என்று சொல்வார் என்று ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை காத்திருந்தேன், ஒருவரும் சொல்லவில்லை. என் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்று நினைத்து வீட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு மூத்த உறுப்பினர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உனக்குப் போட்டியில் விருப்பமில்லை என்று நினைத்தோம், அதனால்தான் தொந்தரவு செய்யவில்லை." லாக்கர் ரூம் பலகையில் வாராவாரம் ஒரு தாள் குத்தியிருக்கும், கீழே பேனா தொங்கும். அந்தத் தாள்தான் அழைப்பு! அதில் பெயர் எழுதினால் வருகிறவர், எழுதாவிட்டால் வராதவர், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இப்போது பல கிளப்புகளில் தாளுக்குப் பதிலாக ஆப் வந்துவிட்டது, நியாயம் மட்டும் அதேதான். ஒதுக்குகிறவர்களே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன், ஒருவரை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஐந்து மாதம் நான் தனியாக இருந்ததற்கு அவர் காரணமில்லை.

இதே தப்பை நாக் அவுட்டிலும் செய்தேன். கோடைக்கால நாக் அவுட் என்றால் யாரோடு யார் என்று குலுக்கிப் போட்டு ஒட்டிவிடுவார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் கடைசித் தேதி உண்டு, அதற்குள் இருவரும் பேசி ஒரு நாள் பார்த்து ஆடிக்கொள்ள வேண்டும். பல கிளப்புகளில் பட்டியலில் மேலே பெயர் இருப்பவர்தான் முதலில் தொடர்புகொண்டு இரண்டு மூன்று தேதி தரவேண்டும் என்று இருக்கும். என் பெயர் மேலே இருந்தது. வயதில் மூத்தவர், அவரே கூப்பிடுவார் என்று நான் இருந்துவிட்டேன், தேதி தாண்டிப்போய் ஆடாமலே அவர் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். உங்கள் கிளப்பில் யார் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பட்டியல் வந்த அன்றே மெசேஜ் அனுப்பிவிடுங்கள்.

சரி, "எனக்கு ஆடவே வராதே, அவர்களோடு எப்படிப் போட்டி போடுவது" என்ற கேள்விக்கு வருகிறேன். அதற்குத்தான் ஹேண்டிகேப் இருக்கிறது, திறமை குறைந்தவருக்குச் சில அடிகளை (பந்தை அடித்த எண்ணிக்கையில்) கழித்துக் கணக்கைச் சமமாக்கும் எண் அது. 2020 நவம்பரிலிருந்து இங்கே உலக ஹேண்டிகேப் முறை வந்துவிட்டது. 54 ஹோல் ஆடி (தொடங்கும் இடத்திலிருந்து குழி வரை ஒரு ஹோல், முழு ஆட்டத்துக்கு 18), கூட ஆடியவர் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் கார்டுகளைக் கொடுத்தால் உங்களுக்கு ஒரு எண் கிடைக்கும், அதிகபட்சம் 54. அதற்கப்புறம் கடைசி 20 கார்டுகளில் சிறந்த 8ஐ எடுத்து சராசரி பார்த்துக்கொண்டே போவார்கள். 54 என்று வந்தால் வெட்கப்படாதீர்கள். ஹோலுக்கு மூன்று அடி உங்களுக்குத் தள்ளுபடி என்று அர்த்தம், அது உங்கள் உரிமை. மைதானத்தின் கடினத்தைப் பொறுத்து இந்த எண் கொஞ்சம் மாறும், முதல் டீக்கு, அதாவது முதல் ஹோலை ஆடத் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் அட்டவணை இருக்கும், பார்த்துக்கொள்ளலாம். உறுப்பினராகச் சேரப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஆடிப் பார்க்க நினைத்தால், கிளப்பில் இல்லாதவர்களும் ஹேண்டிகேப் வைத்துக்கொள்ள இங்கிலாந்து கோல்ஃப் அமைப்பே ஐகோல்ஃப் என்று ஒரு திட்டம் நடத்துகிறது. ஆனால் கிளப்பின் சொந்தப் போட்டிகளுக்கு உறுப்பினராக இருக்க வேண்டும்.

போட்டிகளில் முதலில், ஹோலுக்கு இத்தனை புள்ளி என்று எண்ணும் ஸ்டேபிள்ஃபோர்டில் பெயர் கொடுங்கள். லிவர்பூல் பக்கத்தில் வாலசி கிளப்பில் 1932இல் டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் கொண்டுவந்த முறை இது, புதிதாக ஆடுகிறவருக்கு இதைவிட இரக்கமான முறை இல்லை. உங்களுக்கு ஹோலுக்கு இரண்டு அடி தள்ளுபடி என்று வையுங்கள். பார் நான்கு உள்ள, அதாவது நன்றாக ஆடுகிறவர் நான்கு அடியில் முடிக்கவேண்டிய ஹோலில் ஆறு அடித்தால் இரண்டு புள்ளி, ஐந்தில் முடித்தால் மூன்று, ஏழு என்றால் ஒன்று, எட்டு என்றால் பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்று தெரிந்ததும் பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம், யாருக்கும் தாமதமில்லை, போனது அந்த ஒரு ஹோல் மட்டும்தான். மெடல் என்ற போட்டி வகை அப்படியில்லை. ஒவ்வொரு அடியும் கணக்கு, பந்து குழிக்குள் விழுந்தே ஆகவேண்டும். முழங்கை நீளத் தூரத்தில் பந்து நிற்கிறது, கூட ஆடுகிறவர் "போதும்" என்று சொன்னாலும் எடுக்காதீர்கள், எடுத்துவிட்டு அடுத்த டீயில் அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். "போதும்" என்று விட்டுக்கொடுப்பது, ஒருவரை எதிர்த்து ஒருவர் ஹோல் ஹோலாக ஜெயிக்கும் மேட்ச் பிளேயில் மட்டும். அப்புறம் இரண்டு பேர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் ஃபோர்சம்ஸ், நான்கு பேர் சேர்ந்து நல்ல அடியைத் தேர்ந்தெடுத்துத் தொடரும் டெக்ஸாஸ் ஸ்கிராம்பிள் என்று வருடம் முழுக்க வகைவகையாக வரும், ஆட ஆடப் புரிந்துவிடும்.

விதிகளில் நான் உட்கார்ந்து சொல்ல நினைப்பது கார்டு பற்றித்தான். ஆடுவதற்கு முன்னால் கார்டை மாற்றிக்கொள்வோம், உங்கள் அடிகளை இன்னொருவர் எழுதுவார், அவருடையதை நீங்கள் எழுதுவீர்கள், முடிந்ததும் இருவரும் சரிபார்த்துக் கையெழுத்து. இதில்தான் நம் வளர்ப்பு குறுக்கே நிற்கும். என் இரண்டாவது மெடலில் எழுபது வயதுக்கு மேல் உள்ள ஒருவருக்கு நான் கார்டு எழுதினேன். ஒரு ஹோலில் பங்கர் என்ற மணல் பள்ளத்துக்குள் ஒருமுறை அடித்துப் பந்து வெளியே வரவில்லை, மறுபடி அடித்தார். முடித்துவிட்டு "ஐந்து" என்றார். நான் எண்ணியது ஆறு. பெரியவரிடம் உங்கள் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது, பேசாமல் ஐந்து என்றே எழுதிவிடலாம் என்று கை போய்விட்டது. ஆனால் விதி என்ன என்று பாருங்கள். உண்மையைவிடக் குறைவான எண்ணிக்கையோடு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவர் நீக்கப்படுவார், தெரிந்தே தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட்ட நானும் நீக்கப்பட வேண்டியவள். நான் மரியாதை என்று நினைத்தது அவரைக் குழியில் தள்ளும் காரியம். "பங்கரில் இரண்டு அடி என்று நினைக்கிறேன், ஒருமுறை சேர்ந்து எண்ணிப் பார்ப்போமா" என்று மெதுவாகக் கேட்டேன். டீயிலிருந்து குழி வரை விரல்விட்டு எண்ணினார், "ஆமாம், ஆறு, நன்றி" என்றார். அன்று மாலை அவராகவே என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். இன்றுவரை எனக்கு அந்தக் கிளப்பில் நெருக்கமானவர் அவர்தான்.

மற்ற விதிகளைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம், முதல் நாளுக்கு இவை போதும். பையில் 14 கிளப்புக்கு, அதாவது அடிக்கும் மட்டைக்கு மேல் இருக்கக்கூடாது. உங்கள் பந்தில் பேனாவால் ஒரு அடையாளம் போட்டு வையுங்கள், தப்பான பந்தை அடித்தால் இரண்டு அடி தண்டனை. பந்தைத் தேட மூன்று நிமிடம்தான், 2019இல் ஐந்திலிருந்து குறைத்துவிட்டார்கள். பந்து தொலைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இன்னொரு பந்தை அடிக்கலாம், ஆனால் அடிப்பதற்கு முன்னால் "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், "சும்மா இன்னொன்று அடிக்கிறேன்" என்று சொன்னால் முதல் பந்து கிடைத்தாலும் பயனில்லை, அது போனது போனதுதான். பங்கரில் உங்கள் காலடியைச் சமப்படுத்திவிட்டு வாருங்கள், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையில் பந்து விழுந்து ஏற்பட்ட பள்ளத்தைச் சரிசெய்யுங்கள். மோசமாக ஆடுகிறவரைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை, மெதுவாக ஆடுகிறவரைப் பற்றியும் பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பவரைப் பற்றியும் நிறையக் கேட்டிருக்கிறேன். வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிப் பெயரை எடுத்துவிடுங்கள்.

விருந்து, கூட்டம் எல்லாம் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய விஷயமில்லை. வருடத்துக்கு ஒரு லேடி கேப்டன், பொறுப்பேற்கும் நாளில் எல்லாரும் சுற்றி நிற்க அவர் முதல் அடி அடிப்பார், அதற்கு டிரைவ் இன் என்று பெயர், அதற்குக் கட்டாயம் போங்கள். அந்த வருடம் அவர் ஒரு அறக்கட்டளையைத் தேர்ந்தெடுப்பார், அதற்குக் குலுக்கல், கேக் விற்பனை என்று நடக்கும். நான் முதன்முதலில் கொண்டுபோன சமோசா பத்து நிமிடத்தில் தீர்ந்தது. கோடையில் கேப்டன்ஸ் டே, வெளி கிளப் பெண்கள் வரும் ஓபன் டே, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மதிய உணவு. சைவம் என்றால் பெயர் கொடுக்கும்போதே எழுதிவிடுங்கள், அன்று போய்ச் சொன்னால் சமையலறையில் திணறுவார்கள். மது குடிக்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆடி முடித்ததும் ஒருவர் எல்லாருக்கும் குடிக்க டீ வாங்குவார், அடுத்த முறை நீங்கள் வாங்குங்கள். ஆட்டம் முடிந்த கையோடு காருக்கு ஓடிவிடாதீர்கள், அந்த அரைமணி நேரம் உட்காருவதுதான் முக்கியம். எழுபத்தெட்டு வயதுக்காரரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு அது வாயில் வர ஒரு வருடம் ஆனது. பரிசு வாங்கினால் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள்: கேப்டனுக்கு, கூட ஆடியவர்களுக்கு, புல்தரையைப் பராமரிப்பவர்களுக்கு, சமையலறைக்கு நன்றி, போதும். உடை விஷயத்தில் ஜீன்ஸைப் பல கிளப்புகள் விடுவதில்லை, காலர் வைத்த சட்டை, சாதாரண பேன்ட் எங்கேயும் செல்லும்.

அந்த இடம் உங்களுக்கும் உரியதுதான் என்ற நினைப்போடு போங்கள். இங்கேயே பிறந்த பெண்களுக்குக்கூட அது சும்மா கிடைக்கவில்லை. பெண்கள் தங்களுக்கென்று லேடீஸ் கோல்ஃப் யூனியனைத் தொடங்கியது 1893இல், அதன் செயலாளராக இருந்த இசெட் பியர்சன்தான் எல்லாக் கிளப் பெண்களுக்கும் பொதுவான ஹேண்டிகேப் முறைக்கு வழி செய்தவர். அதற்கு நூறு வருடத்துக்கு மேலாகியும் ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் என்ற பழைய கிளப் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014 செப்டம்பரில்தான் ஓட்டுப் போட்டது. அங்கேயே இன்னொரு பழைய கிளப்பான மியூர்ஃபீல்டில் 2016இல் முடியாது என்று ஓட்டு விழுந்து, மறு வருடம்தான் சரி என்றார்கள். 2022இல் அதே மியூர்ஃபீல்டில் பெண்கள் ஓபன் என்ற பெரிய போட்டி நடந்தபோது எங்கள் செக்‌ஷனில் எல்லாரும் கிளப் ஹவுஸ் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய் சமநிலையை முடிக்கும் பிளே ஆஃபில் ஜெயித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக, பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஆபீஸ் தோழியிடம் சிலவற்றைக் கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகிறவர், பெண்கள் போட்டியெல்லாம் வார நாளில் காலையில் வைத்திருந்தால் உங்களால் ஒன்றிலும் ஆடமுடியாது. அதே போட்டியைச் சனி அல்லது ஞாயிறு ஆடலாமா, அப்படி ஆடினால் கோப்பைக்கும் கணக்கில் எடுப்பார்களா? பரிசு மட்டும் செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்கு என்று இன்னும் வைத்திருக்கும் கிளப்புகள் இருக்கின்றன, அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், எங்கள் கிளப்பில் அதை மாற்ற மூன்று ஆண்டுக் கூட்டங்களில் நான் எழுந்து பேசவேண்டியிருந்தது. வருடச் சந்தாவுக்கு மேல் சேரும் கட்டணம், உணவக அட்டையில் கட்டாயமாகப் போடும் தொகை எதுவும் உண்டா என்றும் கேளுங்கள். ஒன்பது ஹோல் போட்டி இருந்தால் ரொம்ப நல்லது, வேலை முடிந்து கோடை வெளிச்சத்தில் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், கார்டு கணக்கில் எது புரியவில்லை என்றாலும் கேளுங்கள்.