குறைந்த பணத்தில், போகிற ஊருக்குக் கேடு செய்யாமல் வெளிநாடு சுற்ற முடியுமா?

கேள்வி: மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் நான் வெளிநாடு போக முடியும். செலவும் குறைய வேண்டும், போகிற இடத்தில் யாரையும் சுரண்டவும் கூடாது. நடக்கிற காரியமா?

நடக்கும். எதில் சிக்கனம் பிடிப்பது, எதில் பிடிக்கக் கூடாது என்பதை மட்டும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கிளம்புங்கள். வேகத்தையும் சொகுசையும் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். அங்கே உழைப்பவரின் கூலியில் கை வைக்கக் கூடாது. நான் திரும்பத் திரும்பப் போகும் நேபாளத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். முதல் வெளிநாட்டுப் பயணத்துக்கு நம்மவர்களுக்கு அதைவிடத் தோதான நாடு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தியருக்கு அங்கே விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் 1993 முதல் மாறாமல் இருக்கிறது. அதனால் வீட்டில் போட்ட கணக்கு அங்கே போனதும் கவிழ்ந்துவிடாது. விமானத்தை விட்டுவிடுங்கள். கோவை, ஈரோடு, சேலம் வழியாகக் கோரக்பூர் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள். கோரக்பூரிலிருந்து சோனௌலி எல்லைக்கு பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். எல்லையை நடந்தே கடக்கலாம். புத்தர் பிறந்த லும்பினி அங்கிருந்து பக்கம்தான்; மலை நடைப்பயணங்கள் தொடங்கும் பொக்கரா நகருக்கு மலைச்சாலையில் பகல் முழுவதும் பஸ் பயணம். இடுப்பு வலிக்கும். ஆனால் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணங்களில் காற்றில் கலக்கும் கரியமில வாயுவில் பெரும்பங்கு விமானத்துடையது. அதைத் தவிர்த்தால் பணமும் மிச்சம், பழியும் குறைவு.

பொக்கராவுக்கு வடக்கே இருப்பது, இமயமலையில் நாள்கணக்கில் நடந்து சுற்றும் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி. நுழைவு அனுமதிக்கு மற்ற வெளிநாட்டவர் 3,000 நேபாள ரூபாய் கொடுக்க வேண்டும். தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கைச் சேர்ந்த நமக்கு 1,000 போதும். சோதனைச் சாவடியை ஏமாற்றிச் சுற்றிக்கொண்டு போகும் வழியை யாராவது சொல்லிக் கொடுத்தால் கேட்காதீர்கள். மலையைப் பாதுகாக்க வாங்கும் பணம் அது.

அங்கே நடைபாதை நெடுக ஊர்க் குடும்பங்கள் நடத்தும் தேநீர் விடுதிகளில்தான் தங்குவோம். அறை வாடகை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருக்கும். இரவுச் சாப்பாட்டையும் காலைச் சாப்பாட்டையும் அதே இடத்தில்தான் சாப்பிடுவீர்கள் என்ற எதிர்பார்ப்பில் வைத்த வாடகை அது. அந்தக் குடும்பத்துக்கு வரும்படி அடுப்பிலிருந்துதான் வருகிறது. இது தெரிந்தும் சிலர் அறையைப் பேரம் பேசி இலவசமாக வாங்கிக்கொண்டு, பையிலிருந்து நூடுல்ஸ் பொட்டலத்தை எடுத்து வெந்நீர் மட்டும் கேட்பார்கள். பிறகு அதையே சாமர்த்தியமாக வீடியோவில் பேசுவார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வரும். உயரம் ஏற ஏறச் சாப்பாட்டு விலையும் ஏறுவதைக் கொள்ளை என்று சொல்பவர்கள், அந்த அரிசி மூட்டையும் எரிவாயு உருளையும் எதன் முதுகில், யார் முதுகில் மேலே வந்தன என்று ஒரு நாள் பாதையோரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சிக்கனமாகச் சாப்பிட அங்கேயே நல்ல வழி இருக்கிறது: தால் பாத். சோறு, பருப்பு, காய்கறி, ஊறுகாய். ஒரு முறை பணம் கொடுத்தால் வயிறு நிறையும்வரை போடுவார்கள். விடுதி நடத்தும் அக்காவை எல்லோரும் தீதி என்றுதான் கூப்பிடுவோம்; தட்டு காலியாகும் முன்பே கரண்டியோடு வந்து நிற்பார். எல்லோருக்கும் ஒரே உலையில் வேகும் சாப்பாடு என்பதால் எரிபொருளும் குறைவாகச் செலவாகும். அந்த உயரத்தில் தனியாக பீட்சா கேட்டால் தனி அடுப்பு எரிய வேண்டும்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். மேலே போன பிளாஸ்டிக் கீழே வருவது அரிது. அன்னபூர்ணா சுற்றுப் பாதையின் பல கிராமங்களில் சுத்திகரித்த குடிநீர் நிலையங்கள் உண்டு; சொந்த பாட்டிலில் குறைந்த விலைக்கு நிரப்பிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் குளோரின் மாத்திரை போதும்.

சுமைதூக்குபவர் விஷயம்தான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியம். மிகக் குறைந்த விலை சொல்லும் ஏஜென்ட் அந்தக் குறைவை எங்கிருந்து எடுக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சுமைதூக்குபவரின் கூலியிலிருந்தும், கொடுக்காமல் விட்ட கம்பளி உடையிலிருந்தும், செய்யாத காப்பீட்டிலிருந்தும்தான். ஒருவர் தலையில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மலையேற்றத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வரம்பு. இரண்டு பேரின் பைகளை ஒன்றாகக் கட்டி அதைத் தாண்டுவதும் அன்றாடம் நடக்கிறது. 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாய்ப் பகுதியில் பனிப்புயலாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வெளிநாட்டு நடைப்பயணிகளோடு, கூலிக்கு வந்த நேபாளிகளும் அவர்களில் உண்டு. உங்களோடு வருபவரின் செருப்பையும் ஸ்வெட்டரையும் கிளம்புவதற்கு முன் கண்ணால் பாருங்கள். கூடுதல் பணம் கொடுக்க முடியாது என்றால் உங்கள் பையை நீங்களே சுமக்கும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். அது கௌரவமான சிக்கனம். வழிகாட்டியாக உரிமம் பெற்ற உள்ளூர்க்காரர் ஒருவரை மூன்று நான்கு பேர் சேர்ந்து வைத்துக்கொண்டால் தலைக்கு அதிகம் வராது. உங்கள் காப்பீட்டிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். உயரத்தில் காற்று மெலிவதால் வரும் மலைநோய் வந்து ஹெலிகாப்டர் அழைக்க நேர்ந்தால் பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும். அதே சுற்றுப் பாதையில் 3,540 மீட்டரில் இருக்கும் மனாங் கிராமத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்குங்கள்.

இன்னொன்று. தங்க இடமும் உணவும் கிடைக்கிறது என்று அநாதை இல்லங்களில் சில வாரத் தொண்டு செய்யும் திட்டங்கள் விளம்பரமாக வரும். நல்ல மனதோடுதான் பலரும் சேர்கிறார்கள். ஆனால் நேபாளத்திலும் கம்போடியாவிலும் அந்த இல்லங்களில் பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பது வெளிவந்திருக்கிறது. படிக்க வைக்கிறோம் என்று சொல்லிக் கிராமத்திலிருந்து கூட்டி வந்து, வெளிநாட்டார் பணத்துக்காகவே நடத்தும் இல்லங்களும் உண்டு. சேராதீர்கள், சுற்றிப் பார்க்கவும் போகாதீர்கள்.

நேபாளம் பழகிய பிறகு வியட்நாம் போகலாம். ஒரு முறை விமானத்தில் போய் இறங்கியதும், ஹனோயிலிருந்து சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) வரை 1,726 கிலோமீட்டரை ரயிலிலேயே கடக்கலாம். ஒரு பெட்டியறையில் ஆறு பேர் படுக்கும் வகுப்பு நம் ஸ்லீப்பரில் போய்ப் பழகியவருக்குத் தாராளம். இரவு ரயில்களில் போனால் விடுதி வாடகையும் மிச்சமாகும். ஹுவேயிலிருந்து தா நாங் வரையிலான பகுதிக்கு மட்டும் பகல் ரயிலில் டிக்கெட் எடுங்கள். தெற்கே போகும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள். ஹாய் வான் கணவாயில் தண்டவாளம் கடலோரமாகவே வளைந்து போகும்.