வாசகர் கேள்வி–பதில்: வேகத்தடை மட்டும் போதுமா?

கேள்வி: பிரதான சாலையின் சிக்னலைத் தவிர்ப்பதற்காக எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில்தான் வண்டிகள் அதிகமாகப் பறக்கின்றன. குடியிருப்போர் சங்கத்தினர் பணம் திரட்டி, நாமே சிமென்ட் வேகத்தடை போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். அது சரியா?
— வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: தங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது. ஆனால் பொதுச்சாலையில் அனுமதியின்றி எதையும் கட்டக்கூடாது. கட்டினாலும் நீங்கள் எதிர்பார்க்கும் பாதுகாப்பு கிடைக்காது. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவின்படி, வேகத்தடை வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மென்மையான வளைவாக இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதிகம் குலுங்காமல் ஏறி இறங்குவதற்கான அளவு அது. நம் தெருக்களில் ஒரே இரவில் முளைக்கும் தடைகளோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கின்றன. வர்ணமும் இல்லை, முன்னெச்சரிக்கைப் பலகையும் இல்லை. இருட்டில் இருசக்கர வாகனக்காரர் தடுமாறி விழுகிறார். ஆம்புலன்ஸில் படுத்திருப்பவரின் வேதனை கூடுகிறது. பழகியவர்களோ தடையின் ஓரத்தில் மழைநீருக்காக விட்ட இடைவெளி வழியாக வண்டியை ஒடித்துச் செல்கிறார்கள். நடப்பவர்கள் ஒதுங்குவதும் அதே ஓரத்தில்தான்.

வேகத்தைக் குறைப்பது ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குக் கணக்கே சாட்சி. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், உலர்ந்த சாலையில் ஏறக்குறைய 14 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரோ அந்த 14 மீட்டரையும் பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே கடந்துவிடும். குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது.

ஓட்டுநர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அகலமாகவும் நேராகவும் கிடக்கும் தெரு அவரை விரட்டவே செய்யும். ஆகவே தெருவின் வடிவத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். முனைகளில் நடைபாதையைச் சற்று வெளியே நீட்டி வளைவை இறுக்கினால், திரும்பும் வண்டி தானாகவே வேகம் குறைக்கும். நடப்பவர் கடக்க வேண்டிய தூரமும் சுருங்கும். பிள்ளைகள் கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, மேலே வரிக்கோடுகள் இடலாம். அங்கே மனிதர்கள் இறங்கி நடப்பதில்லை, வண்டிதான் ஏறி இறங்குகிறது. ஓரங்களில் மழைநீர் வடியக் கம்பி வலையிட்ட வழி அவசியம். அதை மறந்தால், அந்தக் கடவையே முதல் மழையில் குட்டையாகிவிடும்.

கேள்வி: நடைபாதை இருந்தும் முதியவர்கள் ஏன் சாலையில் நடக்கிறார்கள்?
— வாசகர், மதுரை

பதில்: நடைபாதை நடக்கத் தகுந்ததாக இல்லை என்பதே காரணம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறுவதற்காக அது வெட்டப்பட்டு, பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. மூட்டுவலி உள்ளவருக்கு அது படிக்கட்டுக்குச் சமம். நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர, கார் சிறு சரிவில் ஏறிக் கடப்பதே முறை. தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகாமல் என்பது சாலைக் காங்கிரஸின் பரிந்துரை. மின்பெட்டியும் விளம்பரப் பலகையும் நிறுத்திய பைக்குகளும் அந்த 1.8 மீட்டருக்குள் வரக்கூடாது. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-இல் அகன்ற நடைபாதை அமைந்தபோது, இந்த ஊரிலும் இது முடியும் என்பது தெரிந்தது. கடைவீதிக்குக் கிடைத்த அந்த அக்கறை, முதியோரும் குழந்தைகளும் தினமும் புழங்கும் குடியிருப்புத் தெருக்களுக்கும் கிடைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இவற்றையெல்லாம் யாரிடம் கேட்பது?
— வாசகி, கோவை

பதில்: வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சி உதவிப் பொறியாளரிடமும் எழுத்து மூலம் மனு கொடுங்கள், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்திலும் எழுப்புங்கள். போக்குவரத்துக் காவல்துறைக்கு ஒரு நகல் அவசியம். காலை எட்டு முதல் ஒன்பது மணி வரை கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கையையும், பிள்ளைகள் கடக்கும் இடங்களைக் குறித்த கைவரைபடத்தையும் இணைத்தால், மனு வெறும் குறையாகத் தள்ளப்படாது. சாலையை மறுபடி போடும் ஒப்பந்தம் முடிவாவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலுக்கு மேல் போட்டால், நடைபாதையின் விளிம்பு மறைந்து வண்டிகள் அதன்மேல் ஏறத் தொடங்கும். எனவே சுரண்டிய பிறகே புதுத் தார் இட வேண்டும் என்பதையும் மனுவில் தெளிவாக எழுதுங்கள்.