இடுப்பிலிருந்து கால்வரை இறங்கும் வலிக்குக் கைரோபிராக்டிக் உதவுமா?

கேள்வி: எனக்கு வயது 46. மூன்று வாரங்களாக இடுப்பில் தொடங்கும் வலி, வலது பின்தொடை வழியாகச் சுண்டுவிரல்வரை சுளீரென்று இறங்குகிறது. மருத்துவர் சியாட்டிகா, அதாவது காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்குவதால் வரும் வலி என்று கூறி மாத்திரை கொடுத்திருக்கிறார். கையால் அழுத்தியும் திருகியும் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையில் முதுகெலும்பில் சொடக்கு எடுத்தால், முள்ளெலும்புகளுக்கு இடையே பிதுங்கிய ஜவ்வு (டிஸ்க்) உள்ளே போய்விடும் என்கிறார் நண்பர். போகலாமா?

பதில்: போகலாம், ஆனால், ஜவ்வு உள்ளே போய்விடும் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். சொடக்கின்போது கேட்பது மூட்டுத் திரவத்தில் வாயுவால் எழும் ஓசைதானே தவிர, ஏதோ ஒன்று இடத்தில் போய் அமர்ந்த ஓசையன்று. பிதுங்கிய ஜவ்வைக் கையால் அழுத்தி உள்ளே தள்ள முடியாது. பெரும்பாலும் உடலே அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துச் சுருக்கிவிடுகிறது. அதனால்தான் பலருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் வலி வெகுவாகத் தணிந்துவிடுகிறது.

சியாட்டிக் நரம்பு, கீழ்முதுகில் ஐந்து நரம்பு வேர்கள் சேர்ந்து உருவாகும், உடலிலேயே மிகத் தடிமனான நரம்பு. பிதுங்கிய ஜவ்வால் அவற்றில் எந்த வேர் நசுங்குகிறது என்பதை வலி போகும் பாதையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். உங்களுக்குச் சுண்டுவிரல்வரை இறங்குவதால், இடுப்பின் கடைசி முள்ளெலும்புக்கும் அதன் கீழுள்ள திரிக எலும்புக்கும் இடையிலான ஜவ்வையே முதலில் சந்தேகிப்பேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும் நின்று, குதிகாலைப் பத்து முறை உயர்த்திப் பாருங்கள். இடது காலால் எளிதாக முடிந்தது வலது காலால் முடியவில்லையென்றால், அது வலி மட்டுமன்று, தசை பலவீனமும்கூட. அந்த நிலையில் சொடக்குக்குப் போகாமல் உடனே மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள்.

பலவீனம் இல்லையெனில், உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யப்படும் இத்தகைய கைவழிச் சிகிச்சையால் சிலருக்கு வலி குறைவதுண்டு. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதலும், பயிற்சியோடு இணைந்த ஒரு பகுதியாக மட்டுமே இதை ஏற்கிறது. முதல் நாளே நரம்புப் பரிசோதனை எதுவும் செய்யாமல் முதுகைத் திருகுபவரிடமும், பல மாதங்களுக்கு முன்பணம் கேட்பவரிடமும் உங்கள் உடலை ஒப்படைக்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் தசைவலி இருப்பது இயல்பு. காலில் வலி முன்பைவிடக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். நாள் முழுவதும் படுத்தே கிடப்பதும் வேண்டாம், தாங்கும் அளவுக்கு நடந்துகொண்டே இருங்கள்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் கட்டுப்படாமல் போனாலோ, தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போனாலோ, அன்றிரவே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள். தண்டுவடத்தின் அடியிலுள்ள நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளம் அது. விடியட்டும் என்று காத்திருந்தால் அந்த இழப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71, எலும்புத் தேய்மானம் இருக்கிறது, இரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை எடுக்கிறார். அவருக்கும் இதே கால்வலி. அழைத்துச் செல்லலாமா?

பதில்: முதுகைத் திருகிச் சொடக்கெடுக்கும் சிகிச்சைக்கு வேண்டாம். எலும்பு முறிவும் இரத்தக்கசிவும் ஏற்படும் அபாயம் அவருக்கு உண்டு. நடக்கும்போது கால்வலி கூடி, உட்கார்ந்தாலோ முன்னே குனிந்தாலோ குறைகிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். அதை முதலில் எலும்பு மருத்துவர் பார்க்கட்டும், பிறகு பிசியோதெரபிஸ்ட் அவருக்கேற்ற மெதுவான பயிற்சிகளைத் தொடங்கலாம்.