ஏற்புரையில் நான் என்ன பேசுவது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். 1989இல் வேலைக்குச் சேர்ந்தேன். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. பாராட்டு விழா எடுக்கிறார்கள், ஏற்புரை பேச வேண்டுமாம். எழுத உட்கார்ந்தால், 1993 ஐப்பசி மழையில் இறந்துபோன ஒரு பெண்தான் ஞாபகத்துக்கு வருகிறாள். வீட்டுப் பிரசவம். நஞ்சுக்கொடி இறங்கவில்லை. ஆள் வந்து சொல்லி நான் ஓடிப் போனபோது ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியிலேயே உயிர் போய்விட்டது. குழந்தை பிழைத்தாள், இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறாள். அதற்கப்புறம் ஒன்பதாம் மாதம் ஆன வீட்டிலெல்லாம் முன்கூட்டியே வண்டி பேசி வைக்கச் சொல்லிவிடுவேன். சாதித்ததாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல் சால்வை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. இன்னொன்று: ஓய்வு பெற்ற பிறகும் ஜனங்கள் போன் செய்வார்கள். எடுப்பதா, நம்பரை மாற்றிவிடுவதா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரிக்கு நான் திரும்பத் திரும்பப் போனேன். வண்டி பேசி வைக்கச் சொன்னேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியதே 2008 செப்டம்பரில்தான். அதுவரைக்கும் பதினைந்து வருஷம் உங்கள் ஊர்களில் நீங்கள்தான் அந்த ஏற்பாடு. யாரிடம் டிராக்டர் இருக்கிறது, நடுராத்திரியில் எழுப்பினால் எவர் எழுந்து வருவார், டீசலுக்குப் பணம் எங்கே இருக்கும் என்பதையெல்லாம் வலி எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவைத்தது யார்? இதைச் செய்யச் சொல்லி உங்களுக்கு யாரும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை. ஒரு சாவைப் பார்த்துவிட்டு நீங்களாகவே செய்தது.

உங்கள் வேலையில் ஒரு கொடுமை உண்டு. தவறிப்போன உயிருக்கு முகம் இருக்கிறது, தவறாமல் நின்ற உயிர்களுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. ரணஜன்னியை, அதாவது டெட்டனஸை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து ஒரு வாரத்தில் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தும், வாய் இறுகும், உடம்பு வில்லாக விறைக்கும், அப்புறம் போய்விடும். தொப்புள்கொடியை அரிவாளாலோ பழைய பிளேடாலோ அறுத்து, அதன் மேல் சாணியோ சாம்பலோ வைத்த காலம் அது. நீங்கள் வீடு வீடாகப் போய் வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு ஊசி போட்டீர்கள், புது பிளேடுதான் வேண்டும் என்று மாமியார்களிடம் மல்லுக்கு நின்றீர்கள். 2015இல் இந்தியா இந்த நோயை ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். உங்கள் ஊசியால் பிழைத்த பிள்ளை எது என்று கேட்டால் உங்களாலேயே சொல்ல முடியாது, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் தெரியாது. வராத நோய்க்காக யார் வந்து நன்றி சொல்வார்கள்? அதனால்தான் ஏற்புரை எழுத உட்கார்ந்தால் காகிதம் காலியாகக் கிடக்கிறது.

போலியோவும் அப்படித்தான். 1995இல் தேசம் முழுக்கச் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. சான்றிதழில் உங்கள் பெயர் இல்லை. வெயிலில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் போகாத ஊருக்கு நடந்தவர்களின் பெயர் எதுவுமே அதில் இல்லை.

1993க்கு வருகிறேன். அன்று நீங்கள் செய்தது எல்லாம் சரி என்று நான் எழுதினால் நம்ப மாட்டீர்கள், நான் அங்கே இருந்தவளும் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு தாயைக் கொண்டு போய்விடலாம். அந்த நேரத்துக்குள் வண்டி, ரத்தம், அறுவை செய்யத் தெரிந்த டாக்டர் மூன்றும் கிடைத்தாக வேண்டும். உங்களிடம் இருந்தது ஒரு டிராக்டரும் மழையும். 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில்தான் நடந்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 2001-03இல் 134 தாய்மார் இறந்தார்கள், 2018-20இல் 54. இருபத்து நாலு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், ரத்த வங்கி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்ந்து வந்த மாற்றம் இது. ஆனால் கட்டடத்தையும் வண்டியையும் அரசாங்கம் கொடுத்துவிடலாம், "ஆஸ்பத்திரிக்கு வா" என்று ஒரு வீட்டைச் சம்மதிக்க வைக்க அந்த வீட்டுக்குள் போகத் தெரிந்த ஒருத்தி வேண்டும். 5,000 பேருக்கு ஒருத்தி, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒருத்தி என்று உங்களைப் போட்டது அதற்காகத்தான்.

சரி, மேடையில் என்ன பேசுவது? ஐந்து நிமிஷம் போதும். வரவேற்ற அதிகாரிகளுக்கெல்லாம் வரிசையாக நன்றி சொல்லி அந்த ஐந்து நிமிஷத்தைத் தீர்த்துவிடாதீர்கள். நீங்கள் வேலைக்கு வந்தபோது ஒரு பிரசவம் எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்று இரண்டையும் சொல்லுங்கள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டதைச் சொல்லுங்கள். கீழே உட்கார்ந்திருக்கும் இளம் செவிலியர்களில் பாதிப் பேருக்கு அது கதையாகக்கூடத் தெரியாது. மழை ராத்திரியைப் பற்றியும் பேசுங்கள் என்றே சொல்வேன். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ மேடைக்கு வர வேண்டாம். அது அவள் வீட்டாருக்குச் சொந்தமான துக்கம்.

விழாவுக்கு முன்பே அந்த மகளைப் போய்ப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். முப்பது வருஷமாக நீங்கள் சுமந்ததை அவள் மடியில் இறக்கிவிட்டு வருவது நியாயமாகாது. வேறு ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவள் அம்மாவை அவள் பார்த்ததில்லை, நீங்கள் மாசா மாசம் பார்த்திருக்கிறீர்கள். சத்து மாத்திரை கசக்கிறது என்றாளா, சிரித்துப் பேசுவாளா, வயிற்றுப்பிள்ளை பற்றி என்ன ஆசைப்பட்டாள்? ஞாபகம் இருப்பதைச் சொல்லுங்கள். அவள் கேட்டால் மட்டும் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுங்கள். அப்போது எதையும் மறைக்க வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு வரும் பெண்ணுக்குப் பதிவேடு, ஸ்டாக் எல்லாம் கணக்குப்படி ஒப்படைத்துவிடுவீர்கள். எந்த வீட்டில் மாமியார் சம்மதித்தால்தான் மருமகள் படி இறங்குவாள், எந்தத் தெருவில் மூன்று மாதம் வரை கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள், எந்தக் குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய் எப்போது திரும்பும், இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. அவர் வந்து சேர்ந்துவிட்டால் கடைசிப் புதன்கிழமை தடுப்பூசிக்குக் கூட்டிக்கொண்டு போய், வீட்டு வாசலில் நின்று "இனிமேல் இவங்கதான் நம்ம நர்சம்மா" என்று நீங்களே சொல்லுங்கள். புது ஆள் வர ஆறு மாதம் ஆகும் போலிருந்தால் ஒரு நோட்டில் ஊர்வாரியாக எழுதி, பக்கத்துத் துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள்.

போன் நம்பரை மாற்ற வேண்டாம். உங்களைப் பழகியவர்கள் பயத்தில்தான் கூப்பிடுவார்கள், அந்த நேரத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. எடுங்கள், 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள், புதியவரின் நம்பரைக் கொடுங்கள். ஊசி, மாத்திரை மட்டும் கூடவே கூடாது, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் சரி. அந்த வேலையை இனி புதியவர் பார்க்கட்டும்.