பட்டம் இல்லாதவர் பகா எண்களை ஆராய்வது வீண் வேலையா? நான் கண்டுபிடித்த வழியை யாரிடம் காட்டுவது?

கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியவில்லை. பகா எண்ணைக் கண்டுபிடிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது, கல்லூரிப் பக்கம் போனதில்லை, யாரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் நானும் நின்றிருக்கிறேன். கையில் நான்கு பக்கத் தாளோடு, தர்மபுரியில் ஒரு கல்லூரி வராண்டாவில், ஒன்றரை மணி நேரம்.

முதலில் ஒன்று. உங்கள் வழி "6-இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ பின்னாலோதான் பகா எண் வரும்" என்பதாக இருந்தால், கோபித்துக்கொள்ளாதீர்கள், அது எல்லாருக்கும் முதலில் தட்டுப்படுவது. 2, 3 தவிர மற்ற எல்லாப் பகா எண்களும் அங்கேதான் நிற்கும், உண்மைதான். 25, 35 இரண்டும்கூட அங்கேதான் நிற்கின்றன. வேறு ஏதாவது என்றால் மேலே படியுங்கள்.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு எடைமேடையில் வேலை. மாங்காய் சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் போகும் வண்டிகள் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கும். தூக்கத்தை விரட்ட, வண்டி நம்பர் பகா எண்ணா என்று மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தேன். நாலு இலக்கம்தானே, 100-க்குள் இருக்கிற 25 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். (எடையை வைத்து விளையாட முடியாது. எங்கள் மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், பத்தின் மடங்கு பகா எண் ஆகாதே.) 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001. அதனால் 4739 வந்தால், அதில் நான்கு 1001-ஐக் கழிக்கலாம்; அதாவது 739-இல் 4-ஐக் கழித்து 735 என்று பார்த்தால் போதும். அது 7-இன் மடங்கு, அந்த வண்டி அவுட். 4891-ஐப் பார்த்தால் பகா எண் போலவே இருக்கும். ஆனால் 70-இன் வர்க்கமான 4900-க்கு 9 குறைவு, 9-உம் ஒரு வர்க்கம். ஆக 67×73.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல், நியூமராலஜி. கூட்டு எண் 9 வர வேண்டும் என்று காசு கட்டி நம்பர் வாங்குகிறார்கள். இலக்கங்களைக் கூட்டி 9 வந்தால் அந்த எண்ணே 9-ஆல் வகுபடும், எனக்கு ஒன்றுக்கும் உதவாது. அப்படி ராசி பார்த்து வாங்கிய ஆளே மேடையில் ஏறி, "எடையில கை வைக்கிறியா?" என்பார். முத்திரை போட்ட மேடை அய்யா. பெங்களூரா மாங்காய் விலை இறங்கினால் ஃபேக்டரிக்காரரிடம் கேட்க மாட்டார்கள், சீட்டு எழுதுகிறவனைத்தான் திருடன் என்பார்கள். சரி, அது வேறு கதை.

என் "கண்டுபிடிப்பு" இதுதான். 2-இன் 5-ஆம் அடுக்கு 32, அதில் 2 போனால் 30, 5-ஆல் வகுபடுகிறது. 7-ஆம் அடுக்கு 128, 2 போனால் 126, 7-ஆல் வகுபடுகிறது. 9-ஆம் அடுக்கு 512, 2 போனால் 510, 9-ஆல் வகுபடவில்லை. 11-ஆம் அடுக்கில் 2 போனால் 11-ஆல் வகுபடுகிறது. இப்படி வகுபட்டால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண் என்று எழுதிக்கொண்டேன். பெரிய எண்களுக்கு அடுக்கையெல்லாம் முழுதாகப் போட வேண்டியதில்லை. இரட்டித்துக்கொண்டே போய், எண்ணைத் தாண்டும்போதெல்லாம் அதைக் கழித்துவிட்டால் மீதி மட்டும் நிற்கும். நடுவில் 1 வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். 2, 3, 5-இன் மடங்குகளை விட்டுவிட்டு, இரண்டு சீசன் போட்டேன். 337 வரை ஒன்றுகூடத் தப்பவில்லை. அங்கே நோட்டு முடிந்தது, நானும் நிறுத்தினேன்.

அதைத்தான் நான்கு பக்கத்தில் எழுதிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போனேன். பேராசிரியர் முதல் பக்கத்தைப் பாதி படித்தார். "இது ஃபெர்மா 1640-லயே சொன்னதுப்பா. எல்லாருக்கும் ராமானுஜன்னு நினைப்பு." தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். ஆனால் ஃபெர்மா என்ற அந்தப் பிரெஞ்சுக் கணிதக்காரர் அதைச் சொல்லவில்லை! பகா எண் என்றால் வகுபடும், அவ்வளவுதான் ஃபெர்மா சொன்னது. வகுபட்டால் பகா எண் என்று நான் எழுதியிருந்தேன். மேடையில் லாரி ஏறினால் கிலோ காட்டும். கிலோ காட்டினால் ஏறியது லாரிதான் என்று சொல்ல முடியுமா? எருமை ஏறினாலும் காட்டும். பழசு என்று சொன்னவர், தப்பு என்று சொல்லியிருந்தால் எனக்கு எட்டு மாதம் மிச்சம்.

எட்டு மாதம் நோட்டையே தொடவில்லை. அடுத்த சீசனில் ஒரு ராத்திரி கரண்ட் போய், மேடையும் நின்று, வண்டிகளும் நின்றபோது, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். 339 மூன்றின் மடங்கு. அடுத்தது 341. 2, 4, 8, 16, 32, 64, 128, 256, அப்புறம் 512-இல் 341 போக 171, அதை இரட்டித்தால் 342, அதில் 341 போக 1. பத்தே படி. 340 பத்தின் மடங்கு, அதனால் 340-ஆம் அடுக்கிலும் மீதி 1. 341-ஆம் அடுக்கில் மீதி 2, அது போனால் வகுபடுகிறது. பகா எண் என்று எழுதிவிட்டு, வழக்கம்போலச் சரிபார்க்கப் போனேன். முதல் இலக்கம் 3, கடைசி 1, கூட்டினால் நடுவில் இருக்கும் 4. பதினொன்றால் போகும். 11×31! மூன்று தடவை திரும்பப் போட்டேன். என் விதி உடைந்துவிட்டது. நோட்டில் இன்னும் ஒரே ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்தக் கல்லூரிக்கே போயிருக்க மாட்டேன். உடைத்ததும் நான்தானே என்று ஒரு சந்தோஷமும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள்.

341-ஐ 1819-லேயே சாரஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்தது. பரவாயில்லை. 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால் 341 மாட்டிக்கொள்கிறது, 340-ஆம் அடுக்கின் மீதி 56. ஆனால் 561 இருக்கிறதே, 3×11×17, அந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணை 2-க்குப் பதில் வைத்தாலும் தப்பித்துவிடும். அந்த ஜாதியில் 1729-உம் ஒன்று, 7×13×19. ராமானுஜன் எண் என்று எல்லாரும் கும்பிடுகிற அதே 1729, பகா எண் போல வேஷம் போடுகிற எண்.

கணினி இவற்றைப் பிடிக்கிற மில்லர்-ராபின் முறையின் அடிப்படையும் என் நோட்டிலேயே கிடந்தது. 32-இன் வர்க்கம் 1024, 341-ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 தருகிற எண் 1 ஆகவோ, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாகவோதான் இருக்க முடியும். 32 இரண்டும் இல்லை. ஆகவே 341 பகு எண். அதோடு 1023 என்பது 31×33, காரணியையும் சேர்த்தே காட்டிக்கொடுத்துவிட்டது. பத்து வரி கணக்கில் விடை முன்னாலேயே இருந்தும் நான் பார்க்கவில்லை.

பட்டம் பற்றிக் கேட்டீர்கள். 2017 டிசம்பரில் 2 கோடியே 32 லட்சம் இலக்கத்துக்கு மேலுள்ள பகா எண்ணைக் கண்டுபிடித்த ஜொனாதன் பேஸ் ஒரு கூரியர் நிறுவன ஊழியர், 14 வருடத்துக்கு மேல் தேடியவர். அவர் கணினியை ஓடவிட்டார், புதுத் தேற்றம் எழுதவில்லை என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், தெரியும். தேற்றம் வேண்டுமென்றால், எந்த எண்ணானாலும் பகா எண்ணா என்று சந்தேகமில்லாமல், வேகமாகவும் சொல்கிற முறையை 2002-இல் கான்பூர் ஐஐடியில் அகர்வால், கயால், சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். அவர்களில் இருவர் அப்போதுதான் பி.டெக் முடித்தவர்கள்.

யாரிடம் காட்டுவது என்பதற்கு என் பதில்: முதலில் 341, 561, 1729 மூன்றிடமும் காட்டுங்கள். மூன்றையும் பகு எண் என்று உங்கள் வழி சொன்னால் இங்கேயே முழுதாக எழுதுங்கள், நான் உட்கார்ந்து படிக்கிறேன். ஜூன், ஜூலையில் மட்டும் பதில் தாமதமாகும், சீசன்.