விளையாட்டுக்கு எதற்குக் குடோன் சாவி?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே கணினிப் பயிற்சி மையம் நடத்துகிறேன். எல்லாக் கணினியிலும் டெபியன் லினக்ஸ் இயங்குதளம். முழு அதிகாரம் கொண்ட ‘ரூட்’ கணக்கின் கடவுச்சொல் என்னிடம் மட்டும். இடைவேளைக்காக நெட்ஹேக், டெட்ரிஸ் போன்ற பழைய விளையாட்டுகளை நிறுவினேன். அவற்றின் வழியாகவே ரூட் ஆகிவிடலாம் என்கிறான் ஒரு மாணவன். உண்மையா?

பதில்: பையன் சொல்வதில் பாதி சரி. திட்டாதீர்கள்.

சிக்கல் விளையாட்டின் மதிப்பெண் பட்டியலில் இருக்கிறது. எல்லோருடைய மதிப்பெண்ணும் ஒரே கோப்பில் சேர வேண்டும். ஆனால் எவரும் அதைக் கையால் திருத்தக் கூடாது. அதற்காகச் சில விளையாட்டுகளுக்கு ‘செட்ஜிட்’ அனுமதி தருகிறார்கள். யார் திறந்தாலும் அவை ‘கேம்ஸ்’ குழுவின் உரிமையோடு ஓடும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் சிட்டையில் ஒரு வரி எழுத வந்தவரிடம் குடோன் சாவியையும் கொடுப்பது போலத்தான். அவர் ஏமாளியாக இருந்தால் சாவி கைமாறிவிடும்.

2003-இல் நெட்ஹேக்கில் அப்படித்தான் ஆனது. மதிப்பெண்ணைக் காட்டச் சொல்லும் கட்டளையோடு அளவுக்கு மீறி நீண்ட சொல்லைச் சேர்த்தால் நினைவகம் நிரம்பி வழிந்தது. அந்த வழியாகக் கேம்ஸ் குழுவின் உரிமை கைக்கு வந்தது. அது ரூட் உரிமை அல்ல. ஆனால் மதிப்பெண் கோப்பில் விஷம் வைத்துவிட்டுக் காத்திருக்க அது போதும். அதிகாரம் உள்ள ஒருவர் விளையாட வந்து, விளையாட்டு அந்தக் கோப்பைப் படித்து ஏமாந்தால், அவருடைய உரிமையும் கைமாறும். 2006-இல் ஜென்டூ என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் டெட்ரிஸில் தெரியவந்த ஓட்டை இதற்குத் தோதானது: கோப்பைப் படிக்கும்போது அளவைச் சரிபார்க்கவில்லை. அங்கே விளையாடுபவர்களையே கேம்ஸ் குழுவில் சேர்த்திருந்தார்கள். குழு உரிமையைத் திருடும் முதல் படியை ஏறவே தேவையில்லை! அந்த ஓட்டைகளை எப்போதோ அடைத்துவிட்டார்கள். அடுத்தது எங்கே என்பதுதான் கேள்வி.

உங்கள் கணினியில் ‘/யுஎஸ்ஆர்/கேம்ஸ்’, ‘/யுஎஸ்ஆர்/லிப்/கேம்ஸ்’ கோப்புறைகளை, உள்கோப்புறைகளையும் சேர்த்து, விரிவாகப் பட்டியலிட்டுப் பாருங்கள். அனுமதி வரிசையில் குழுவுக்குரிய மூன்று எழுத்துகளில் கடைசியாக ‘எக்ஸ்’ இருந்தால் கவலையில்லை. ‘எஸ்’ இருந்தால் அதுதான் சாவி. உரிமையாளர் பகுதியில், ரூட் பெயரோடு ‘எஸ்’ இருந்தால் அந்த விளையாட்டையே யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

குழுவின் ‘எஸ்’ஸை, அனுமதி மாற்றும் சிஎச்மாட் கட்டளையால் எடுத்தால் அடுத்த மேம்படுத்தலில் திரும்பி வந்துவிடும். டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைட் கட்டளையால் உரிமையாளர் ரூட், குழு ரூட், அனுமதி 0755 என்று பதிந்துவிட்டால் மாற்றம் நிலைக்கும். பொது மதிப்பெண் பட்டியல் போய்விடும். சில விளையாட்டுகள் தொடங்கவே மறுக்கும். அவற்றை நீக்குவதே மேல். மாணவர்களைக் கேம்ஸ் குழுவில் சேர்க்காதீர்கள்.

நீங்களும் விளையாடுவீர்கள் என்றால், சூடோ அதிகாரம் (ரூட்டாகக் கட்டளையிடும் அனுமதி) இல்லாத தனிக் கணக்கில் விளையாடுங்கள்.